குடிகார அப்பாவோட பிள்ளைங்க: எந்தக் குணம் நம்மள கவுக்கும், அத எப்படி கட்டுல வைக்கிறது?

தேனி_கவிதா

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா இழை போடுறேன். விஷயம் என் தம்பி பத்தி. பிளஸ் டூ முடிச்சிட்டான், கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் சீட் கெடச்சிருச்சு, அடுத்த மாசம் ஹாஸ்டல். எங்க அப்பா குடிச்சே போனவரு. தாத்தாவும் அப்படித்தான்னு அம்மா சொல்லும். தம்பி இதுவரைக்கும் தொட்டதில்ல, எனக்கு தெரிஞ்சவரைக்கும். ஆனா அவன் குணம்தான் பயமா இருக்கு. பைக்க எடுத்தா நூறுக்கு கீழ ஓட்ட மாட்டான், ஆத்துப் பாலத்துல இருந்து தண்ணிக்குள்ள குதிக்கிறான், யோசிச்சு செய்யறதுங்கறதே கெடையாது, அம்மா சீட்டு கட்ட எடுத்து வச்சிருந்த காச எடுத்துட்டுப் போயி ஷூ வாங்கிட்டு வந்து நிக்கிறான், கேட்டா சிரிக்கிறான். ஒரு கேம் ஆரம்பிச்சா விடிய விடிய அதான். அம்மா "அப்பன் ரத்தம்டி, எங்க போகும்"னு தெனம் ஒரு பாட்டு.

இது நிஜமாவே ரத்தத்துல வர்றதா? இந்த மாதிரி குணம் இருக்கறவங்க எதுக்காவது அடிமையாகத்தான் செய்வாங்களா, இல்ல போறதுக்கு முன்னாடியே ஏதாவது பண்ண முடியுமா? புத்திமதி சொன்னா காதுல வாங்க மாட்டேங்கறான். நான்தான் அவன நெனச்சு நெனச்சு ராத்திரி பாதி மாத்திரை போட்டாத்தான் தூக்கம்ங்கற நெலமையில இருக்கேன்.

பழைய_சோறு

குணமாவது மண்ணாங்கட்டியாவது. தெருவுக்கு தெரு கடையத் தொறந்து வச்சிட்டு, குடிக்கிறவன் குணம் சரியில்லன்னு சொல்றது யாருக்கு வசதி? 2003ல சரக்க சில்லறையா விக்கிறத அரசாங்கமே கையில எடுத்துச்சு, அன்னைக்கு பொறந்த பையன் இன்னைக்கு அதே கடை வாசல்ல நிக்கிறான். எங்க ஊர்ல பஸ் ஸ்டாண்டுல தண்ணி குடிக்க குழாய் இல்ல, கடை இருக்கு. அத விட்டுட்டு அந்தப் பையன் பாலத்துல இருந்து குதிச்சான், ஷூ வாங்கினான்னு ஜாதகம் பாக்கறீங்க. அந்த வயசுல நாங்க எல்லாருமே கெணத்துல குதிச்சவங்கதான்.

சோபர்_சுந்தரம்

கவிதா கண்ணு, நாமக்கல்ல இருந்து எழுதறேன், லாரி புக்கிங் ஆபீஸ் வச்சிருந்தவன், இப்ப குடிய விட்டவன், குடிய விட்டவங்க ஒருத்தருக்கொருத்தர் தொணையா கூடற ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மீட்டிங்குக்கு இன்னும் போறேன். பழைய சோறு சொல்றது தப்பில்லீங்க, கடை கிட்ட இருந்தா கால் போகும். ஆனா ஒண்ணு சொல்றேன். எங்க செட்டுல ஏழெட்டு பேரு ஒண்ணா ஆரம்பிச்சோம். அதுல ரெண்டு பேரு ரெண்டு ரவுண்டுலயே வாந்தி எடுத்துட்டு குப்புற படுத்துக்குவானுங்க, அவனுங்கள ஓட்டி எடுப்போம். நான்தான் அங்க ஹீரோ. எவ்வளவு போட்டாலும் ஸ்டெடி. கணக்கு தப்பாம பில்ல பாத்து காசு குடுத்து, எல்லாத்தையும் வண்டில ஏத்தி வீடு கொண்டுபோயி எறக்கி விட்டுட்டு நேரா போவேன். "சுந்தரம் தண்ணி மாதிரி குடிப்பான்யா, ஒண்ணும் ஆகாது"ம்பாங்க, எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. கடைசில அந்த வாந்தி எடுத்தவனுங்க ரெண்டு பேரும் பேரன் பேத்தி எடுத்துட்டு நல்லா இருக்கானுங்க. காலைல கை நடுங்கி சட்டை பட்டன் போட முடியாம நின்னது நானு.

அதனால தம்பி குடிச்சா ஆடுவானான்னு மட்டும் பாக்காதீங்க. ஆடாம இருந்தான்னா அப்பதான் பயப்படணும்.

பாளை_சைக்காலஜி

சுந்தரம் அண்ணே, நீங்க சொன்னது அனுபவம் மட்டும் இல்ல, ஆராய்ச்சியிலயும் இருக்கு. அமெரிக்காவுல சான் டியாகோல மார்க் ஷக்கிட்னு ஒரு மனநல டாக்டரு, காலேஜ் வயசுப் பசங்கள சேத்து, அதுல குடி நோய் இருந்த அப்பாக்களோட மகன்கள் ஒரு பக்கம், அப்படி இல்லாதவங்க ஒரு பக்கம்னு பிரிச்சு, ஒரே அளவு சாராயம் குடுத்து பாத்தாரு. முதல் பக்கத்துல நெறைய பேருக்கு அதே அளவுக்கு போதை கம்மியா ஏறுச்சு. அப்புறம் வருஷக்கணக்கா அவங்கள விடாம பாத்துட்டு வந்தா, யாருக்கு கம்மியா ஏறுச்சோ அவங்கதான் பின்னாடி அதிகமா மாட்டினாங்க. காரணம் எளிசுதான். மத்தவனுக்கு ரெண்டாவது ரவுண்டுல ஒடம்பே போதும்னு சொல்லிரும், இவனுக்கு அந்த மணி அடிக்கறதே இல்ல, சேந்தவங்க எல்லாம் கைதட்டுறாங்க வேற. நம்ம ஊர்ல ஆம்பளத்தனம்னு கொண்டாடுறது பாதி நேரம் இதைத்தான்.

நான் மனநல ஆலோசகரா இருக்கேன், பாளையங்கோட்டை பக்கம், இதான் என் பொழப்பு, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், கோச்சுக்காதீங்க.

கவிதா மேடம், ரத்தமான்னு கேட்டீங்க. இரட்டைக் குழந்தைங்கள வச்சு பண்ண ஆய்வுகள எல்லாம் சேத்து பாத்தா குடி நோயில பரம்பரையோட பங்கு ஏறக்குறைய பாதின்னு வருது. இத கேட்டவுடனே எல்லாரும் "அப்ப என் தம்பிக்கு வர அம்பது சதவீதம் வாய்ப்பா"ன்னு கேப்பாங்க. அது இல்ல. ஊர்ல ஒருத்தருக்கு வருது ஒருத்தருக்கு வரலங்கற வித்தியாசத்துல பாதிக்கு ஜீன் காரணம், மீதி பாதி வளர்ப்பு, கூட்டாளி, கடை, வருமானம், எந்த வயசுல ஆரம்பிச்சாங்கங்கறது எல்லாம் சேந்து. குடிக்கற அப்பாவோட பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்க அடிமையாகறது இல்ல. இத அம்மாகிட்ட கண்டிப்பா சொல்லுங்க, ஏன்னா "உன் ரத்தம் அப்படி"ன்னு தெனமும் கேட்டு வளர்ற பையன் ஒரு நாள் எப்படியும் ஆகத்தானே போறேன்னு கிளாச எடுப்பான். அத நேர்லயே பாத்திருக்கேன்.

அடுத்து குணம். "அடிமையாகற குணம்"னு ஒத்தக் குணம் எதுவும் கெடையாது, அது சினிமாவுல வர்றது. கனடாவுல பட்ரீஷியா கான்ராட்னு ஒரு ஆராய்ச்சியாளர், மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்துல இருக்காங்க, போதைக்குள்ள ஆள கூட்டிட்டுப் போற குணம்னு அவங்க நாலு வாசல் சொல்றாங்க. ஒண்ணு பரபரப்பு தேடுறது, புதுசா, ஆபத்தா ஏதாவது இருந்தாத்தான் உசுரு வந்த மாதிரி இருக்கும். இன்னொண்ணு யோசிக்காம பாயறது, மனசுல தோணுச்சுன்னா கை போயிரும். இந்த ரெண்டும் ஒண்ணுன்னு நெனப்பாங்க, ஒண்ணு இல்ல: மலையேறுறவன் பரபரப்பு தேடுறவன்தான், ஆனா கயித்த ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டுதான் ஏறுவான். மூணாவது பதட்டத்துக்கே பயப்படறது, நெஞ்சு படபடன்னாலே ஏதோ ஆகப்போவுதுன்னு அத அமுக்க எதையாவது தேடுறது. நாலாவது எதுலயும் நம்பிக்கை இல்லாம இருக்கறது, என்ன பண்ணி என்ன ஆகப் போவுதுங்கற நெனப்பு. 23 கேள்வி இருக்கற ஒரு தாள், அத வச்சு பள்ளிக்கூடப் பசங்கள்ல யாருக்கு எது தூக்கலா இருக்குன்னு பாத்து, அந்தந்த குணத்துக்கு தனித்தனி குழுவா உக்கார வச்சு, ஒன்றரை மணி நேரம் ரெண்டே ரெண்டு அமர்வு. லண்டன்லயும் மாண்ட்ரியல்லயும் பள்ளிக்கூடங்கள்ல நடத்தி பாத்தாங்க, குடியும் அதனால வர்ற தொல்லையும் கொறஞ்சிருக்கு. அந்த அமர்வுல போதை கெட்டதுன்னு சொற்பொழிவு கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. உன் குணம் இது, இது எந்த நேரத்துல உன்ன இழுக்குது, அப்ப என்ன பண்ணலாம், இவ்வளவுதான் பேச்சு.

ஒரே மாதிரி புத்திமதி எல்லாருக்கும் ஏன் பலிக்க மாட்டேங்குதுன்னு இப்ப புரியும். பரபரப்பு தேடுற பையன்கிட்ட போயி "கஞ்சா ரொம்ப ஆபத்துடா"ன்னா அவனுக்கு அது விளம்பரம்.

நிஃப்டி_நடராஜன்

நல்ல இழை. ஆனா எல்லாரும் குடியவே பேசறீங்க. என் கேஸ் கேளுங்க. அப்பா குடி, அதனால நான் தொடவே மாட்டேன்னு சின்ன வயசுலயே சபதம், இன்னைக்கு வரைக்கும் பீர் கூட கெடையாது, கல்யாண வீட்ல அத சொல்லி பெருமை வேற அடிச்சுக்குவேன். ஐடி வேலை. ஷேர் மார்க்கெட்ல ஆப்ஷன் ட்ரேடிங் பண்றேன், ஒரு கெடுவுக்குள்ள வெல ஏறுமா எறங்குமான்னு பந்தயம் கட்டற மாதிரி. எக்ஸ்பைரி நாள்ல, அதான் அந்தக் கெடு முடியற நாள்ல, மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல மீட்டிங்ல உக்காந்திருந்தா மேசைக்கு கீழ போன், பிரீமியம், அதான் நான் வாங்கின ஆப்ஷனோட வெல, நாப்பதுல இருந்து இருபத்திரெண்டுக்கு வரும், சரி கொறஞ்ச வெலைக்கு இன்னும் வாங்கி ஆவரேஜ் பண்ணுவோம்னு இன்னொரு அக்கவுண்ட்ல இருந்து யுபிஐல காசு தள்ளி அதே ஸ்ட்ரைக்க இன்னும் ரெண்டு லாட், பாத்ரூம்ல போயி கதவ சாத்திட்டு சார்ட்ட ஒரு நிமிஷ கேண்டில்ல வச்சு பாத்துட்டே நிப்பேன், பதினெட்டு, பதினொண்ணு, மறுபடி பத்தொம்பது, அந்த பத்தொம்பதுல ஒரு சொகம் வரும் பாருங்க, தப்பிச்சோம்டான்னு, ஆனா விக்க மாட்டேன், மூணு இருபதுக்கு அம்பது காசுல நிக்கும். வெளிய வந்து மொகம் கழுவிட்டு டீ குடிக்க போயிருவேன். வீட்ல யாருக்கும் தெரியாது, ஏன்னா வாடை அடிக்காது பாருங்க.

பாளை சார் சொன்ன ரெண்டாவது வாசல் நான்தான்னு தோணுது. ஆனா வேலையில நான் அப்படி இல்லையே, கோட் எழுதினா நாலு தடவ ரிவ்யூ பண்ணுவேன். அது எப்படி?

பழைய_சோறு

@நிஃப்டி_நடராஜன் தம்பி, ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்கற செபி 2024ல போட்ட கணக்குலயே மூணு வருஷத்துல எஃப் அண்ட் ஓ (நீ பண்ற ஆப்ஷன் எல்லாம் இதுலதான் வருது) பண்ண தனி ஆளுங்கள்ல 93 சதவீதம் பேரு நட்டம்னு சொல்லியாச்சு. மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல. இதுல உன் குணம் எங்க வந்துச்சு? 93 சதவீதம் பேருக்கும் குணம் சரியில்லையா? கடையதான் குத்தம் சொல்லணும், நான் மொதல்லயே சொன்னேன்.

பாளை_சைக்காலஜி

@பழைய_சோறு ஐயா, உங்ககிட்ட பாதி ஒத்துக்கறேன், அதுக்கு உங்களவிட நல்ல சாட்சியே என்கிட்ட இருக்கு. வியட்நாம் போர் சமயத்துல அங்க இருந்த அமெரிக்க சிப்பாய்ங்கள்ல அஞ்சுல ஒருத்தரு ஹெராயினுக்கு அடிமைன்னு தெரிஞ்சு அரசாங்கமே ஆடிப்போச்சு. லீ ராபின்ஸ்னு ஒரு அம்மா அவங்க ஊர் திரும்பினதுக்கு அப்புறம் தேடிப் போயி கணக்கெடுத்தாங்க. அங்க அடிமையா இருந்தவங்கள்ல முதல் வருஷத்துல திரும்ப அடிமையானவங்க ஏறக்குறைய இருபதுல ஒருத்தருதான். எடம் மாறுச்சு, சரக்கு கைக்கு எட்டல, கூட இருந்த ஆளுங்க மாறினாங்க, பெரும்பாலானவங்களுக்கு அதுவே போதுமா இருந்துச்சு. இது உங்க பக்கம். இப்ப என் பக்கம்: அங்க எல்லாருக்கும் அதே போர், அதே ஹெராயின், அதே சல்லிசு வெல. அஞ்சுல நாலு பேரு அடிமையாகலையே. கடையும் உண்மை, ஆளும் உண்மை. நட்டமாகறது வேற, நட்டமானதுக்கு அப்புறமும் பாத்ரூம்ல நின்னு காசு தள்ளுறது வேற.

@நிஃப்டி_நடராஜன் வேலையில நிதானம், ட்ரேடிங்ல பாய்ச்சல், இது ரொம்ப சகஜம். குணம் எப்பவும் ஒரே சூட்டுல எரியாது. சில பேரு மனசு சரியா இருக்கும்போது பாய மாட்டாங்க, கோவம், நட்டம், அவமானம் வந்தா மட்டும் பாய்வாங்க. நீங்க காலைல முதல் ட்ரேட எப்படி போடுறீங்க, நட்டத்துக்கு அப்புறம் போடுற ட்ரேட எப்படி போடுறீங்கன்னு உங்க ஆப்ல ஹிஸ்டரிய எடுத்துப் பாருங்க, நேரம் போட்டிருக்கும். அப்புறம் அந்த பத்தொம்பது ரூவா சொகம் சொன்னீங்களே, சூதாட்ட மெஷின் செய்யறவனுக்கு அது அத்துப்படி. மயிரிழையில தப்பிப் போனத மூளை தோல்வியா எடுத்துக்காம, கிட்ட வந்துட்டோம்னு எடுத்துக்கும், திரும்ப ஆடச் சொல்லும். எப்ப வரும்னு தெரியாத பரிசுதான் ரொம்ப இறுக்கிப் பிடிக்கும்னு ஸ்கின்னர்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் புறாவ வச்சே காட்டிட்டாரு. 2013ல வந்த அமெரிக்க மனநல கையேட்டுல சூதாட்டத்த குடி, கஞ்சாவோட அதே அத்தியாயத்துக்கு மாத்தினது சும்மா இல்ல.

மெடிக்கல்_ஷாப்_மகேஷ்

குணம்னா ஏதோ ஆத்மாவுல எழுதி வச்சதுன்னு நெனக்கறவங்களுக்கு ஒரு தகவல். நடுக்குவாதத்துக்கு குடுக்கற மாத்திரைகள்ல பிராமிபெக்ஸால், ரோபினிரோல்னு ஒரு வகை இருக்கு, மூளையில ஆசையையும் ஊக்கத்தையும் தூண்டற டோபமைன்ங்கற ரசாயனத்தோட வேலைய செய்யற மாத்திரை. அத சாப்பிடுற சில பேருக்கு, அதுவரைக்கும் லாட்டரி சீட்ட கூட தொடாத பெரியவங்களுக்கு, திடீர்னு சூதாட்ட வெறி, கண்டபடி சாமான் வாங்கறதுன்னு வந்துரும். டோஸ கொறச்சாலோ மாத்தினாலோ பெரும்பாலும் அடங்கிரும். மாத்திரை டப்பாவோட உள்ள இருக்கற தாள்லயே போட்டிருக்கும். எழுபது வயசு தாத்தாவோட "குணம்" ஒரு மாத்திரையில மாறுதுன்னா நாம யார திட்டறது?

அப்புறம் கவிதா அக்கா, எல்லாரும் தம்பிய பத்தியே பேசறாங்க, நான் உங்க கடைசி வரியில நின்னுட்டேன். பாதி மாத்திரைன்னீங்களே, என்ன மாத்திரை? எவ்வளவு நாளா?

தேனி_கவிதா

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பதில் வரும்னு நெனக்கல. அம்மாகிட்ட அந்த பாதிக் கணக்க சொன்னேன், "நீ படிச்சவ, சொல்லுவ"ன்னுச்சு, ஆனா அன்னைக்கு முழுக்க ரத்தப் பேச்சு எடுக்கல.

மகேஷ், அது ஒண்ணுமில்லப்பா, அப்பா போனப்ப தூக்கம் இல்லாம இருந்ததுக்கு டாக்டர் எழுதிக் குடுத்தது, அல்பிராசோலம் பாயிண்ட் ஃபைவ். அப்புறம் பக்கத்து மெடிக்கல்ல பழைய சீட்ட காட்டி வாங்கிக்கறேன், இப்பல்லாம் சீட்டே கேக்கறதில்ல. மொதல்ல பாதி, இப்ப சில நாள் முழுசு. அது தூக்க மாத்திரைதானே, போதை எல்லாம் இல்லையே. நான் வேலைக்குப் போறவ, வீட்ட பாக்கறவ. கேள்வி என் தம்பிய பத்தி.

மெடிக்கல்_ஷாப்_மகேஷ்

அக்கா, கோச்சுக்காதீங்க. அல்பிராசோலம் ஹெச் ஒன்னுங்கற கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியல்ல இருக்கற மருந்து, டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக் கூடாது, குடுத்தா டாக்டர் பேரு, நோயாளி பேரு எல்லாம் தனி ரெஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். பழைய சீட்ட பாத்துட்டு குடுக்கறது அந்தக் கடைக்காரர் பண்ற தப்பு. பாதில இருந்து முழுசுக்கு வந்ததுதான் எனக்கு ஒறுத்துது. ஆனா ஒண்ணு, இத படிச்சிட்டு ரோஷத்துல நாளைக்கே டப்பாவ தூக்கி எறிஞ்சிராதீங்க. ரொம்ப நாள் போட்டவங்க சட்டுனு நிறுத்தினா தூக்கம் சுத்தமா போயிரும், படபடப்பு பல மடங்கா வரும், சில பேருக்கு வலிப்பே வரும். டாக்டர்கிட்ட சொல்லி கொஞ்சம் கொஞ்சமாத்தான் எறக்கணும்.

சோபர்_சுந்தரம்

குடியும் அப்படித்தானுங்க. தெனமும் நெறைய குடிக்கறவன பொண்டாட்டி பிள்ளைங்க சேந்து ரூம்ல வச்சு பூட்டினா மூணாம் நாள் இல்லாத பூச்சி எல்லாம் ஒடம்புல ஊருதும்பான், வலிப்பு வரும், ஆளே போயிருவான். ஆஸ்பத்திரில வச்சுதான் நிறுத்தணும். என்ன எங்க அண்ணன் மொதல்ல கொண்டுபோயி விட்டது ஊருக்கு வெளிய ஒரு "மறுவாழ்வு இல்லம்", பேரு வேண்டாம், அங்க டாக்டரே இல்ல, பைப்ல அடி, தண்ணிய ஊத்தறது, அவ்வளவுதான் வைத்தியம். வெளிய வந்த அன்னைக்கே போயி குடிச்சேன். சேக்கறதுக்கு முன்னாடி அரசாங்கத்துல பதிவு இருக்கான்னு கேளுங்க, 2017 சட்டப்படி மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணாம நடத்த முடியாது.

சைலண்ட்_ரீடர்

நாலாவது வாசல் நான். டிகிரி முடிச்சு வேலை இல்ல. குடிச்சா சந்தோஷம் எல்லாம் வர்றதில்ல, சும்மா அந்த சாயந்தரம் கழியுது. அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல.

பாளை_சைக்காலஜி

@சைலண்ட்_ரீடர் தம்பி, சொன்னதே பெரிய விஷயம். உங்களுக்கு மொதல்ல பாக்க வேண்டியது அந்த சாயந்தரத்த, குடி அதுக்கு அப்புறம். மனச்சோர்வு இருக்கான்னு ஒருத்தர் உக்காந்து பாக்கணும், இருந்தா அதுக்கு வைத்தியம் இருக்கு. 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ், காசு இல்ல, தமிழ்ல பேசலாம், ராத்திரி ரெண்டு மணின்னாலும் எடுப்பாங்க. இங்க எனக்கு தனியா மெசேஜ் பண்ணாலும் சரி.

கவிதா மேடம், நான் முதல் பதில்லயே மூணாவது வாசல்னு எழுதினப்ப உங்க கடைசி வரி என் மனசுல இருந்துச்சு, ஆனா நேரா சொல்லல, மகேஷ் சொன்னாரு. ஒரே வீடு, ஒரே அப்பா, தம்பிக்கு ஒரு வாசல், உங்களுக்கு வேற வாசல். சத்தமா இருக்கற பிள்ளைய எல்லாரும் பாப்பாங்க, சத்தமில்லாம எல்லாத்தையும் தாங்கற மூத்த பொண்ணு கண்ணுல படவே மாட்டா. பதட்டக்காரங்களுக்கு மாத்திரை அவ்வளவு சீக்கிரம் பிடிச்சுப் போறதுக்கு காரணம் அது உண்மையிலேயே வேலை செய்யுது, அர மணி நேரத்துல படபடப்பு போயிரும். ஆனா ஒவ்வொரு தடவ அமுக்கும்போதும் இத என்னால தாங்க முடியாதுங்கறத மூளை இன்னும் உறுதியா நம்பிக்கும். இதுக்குப் பேச்சு வைத்தியம் நல்லா கேக்கும்: படபடப்பு வரட்டும், நெஞ்சு அடிக்கட்டும், மாரடைப்பு இல்ல இதுன்னு ஒக்காந்து பாக்கப் பழகறது. சில பேர வேணும்னே படியேற வச்சு நெஞ்ச அடிக்க வச்சு பழக்குவோம், சிரிப்பா இருக்கும், ஆனா பலிக்கும்.

இப்ப தம்பி. அவனுக்கு ரெண்டு வாசலும் இருக்கற மாதிரி தெரியுது, ரெண்டையும் போட்டு கொழப்பாதீங்க. பரபரப்ப அணைக்க முடியாது, அணைக்கவும் வேண்டாம், அதுக்கு தீனி போடணும். ஹாஸ்டல் போனவுடனே முதல் மாசத்துலயே ஏதாவது ஒண்ணுல சேரணும், என்சிசியோ மலையேற்றக் குழுவோ நீச்சலோ, அவன் இஷ்டம். யாரோட சுத்தறான்னு முடிவாகறது அந்த முதல் மாசத்துலதான். பாயற குணத்துக்கு மன உறுதிய வளத்துக்கோன்னு சொல்றது வீண், நடுவுல தடுப்பு வைக்கணும். மாசக் காச மொத்தமா அனுப்பாம வாரா வாரம் அனுப்புங்க. யுபிஐல ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு பேங்க் ஆப்ல அவனையே கொறச்சு வைக்கச் சொல்லுங்க. யாராவது கிளாச நீட்டினா என்ன சொல்லணும்ங்கறத இப்பவே ஒரே ஒரு வாக்கியமா முடிவு பண்ணி வச்சிருக்கணும், அந்த எடத்துல யோசிச்சா தோத்துருவான்.

அப்புறம் வயசு. அமெரிக்காவுல 1997ல வந்த ஒரு பெரிய கணக்கெடுப்புல 15 வயசுக்கு முன்னாடி குடிக்க ஆரம்பிச்சவங்கள்ல 40 சதவீதம் பேரு வாழ்க்கையில ஏதோ ஒரு கட்டத்துல அடிமையாகியிருக்காங்க, 20 வயசுக்கு அப்புறம் ஆரம்பிச்சவங்கள்ல சுமாரா 10. ஆரம்பத்துல தொடறவங்க ஏற்கனவே வேற தொல்லையில இருக்கறவங்களா இருக்கலாம்ங்கறதும் இதுல கலந்திருக்கு, அதனால முழுக்க வயசுன்னு அடிச்சு சொல்ல மாட்டேன். இருந்தாலும் நம்ம மாநிலத்துல சட்டமே 21ன்னுதான் இருக்கு, அதுவரைக்கும் தள்ளிப் போட்டாலே பெரிய லாபம். "வாழ்க்கை முழுக்க தொடாத"ன்னு சத்தியம் வாங்காதீங்க, 21 வரைக்கும்னு கேளுங்க. முடியற வேலைய கேட்டாத்தான் செய்வாங்க.

ரெண்டு_பசங்க_அம்மா

யோசிக்காம செய்யறது, ஒரு எடத்துல உக்கார முடியாதது, ஆனா கேம்னா மணிக்கணக்கா, இதெல்லாம் கேட்டா என் பெரியவன் மாதிரியே இருக்கு. அவனுக்கு ஏடிஹெச்டின்னு, அதான் கவனம் நிக்காம, யோசிக்காம துறுதுறுன்னு இருக்கற கோளாறுன்னு, எட்டாவதுல கண்டுபிடிச்சாங்க. மாத்திரை குடுக்கணும்னு டாக்டர் சொன்னவுடனே சொந்தக்காரங்க எல்லாம் சின்ன வயசுலயே மருந்துக்கு அடிமையாக்கறியேன்னு ஒரே சண்டை. டாக்டர் சொன்னது நேர்மாறா: ஏடிஹெச்டி இருந்து கவனிக்காம விட்டாத்தான் பின்னாடி போதைக்கு போற அபாயம் கூட, வைத்தியம் எடுத்துக்கறதால அது கூடறது இல்ல. கவிதா, உங்க தம்பிய ஒரு தடவ காட்டிப் பாருங்க. இல்லன்னா இல்லன்னு தெரியட்டும்.

பழைய_சோறு

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சொல்லி வச்சது பொய்யாம்மா? இந்த தடுப்பு, வாராந்திர காசு எல்லாம் எத்தன நாளைக்கு?

பாளை_சைக்காலஜி

ஐயா, நியூசிலாந்துல டுனிடின்னு ஒரு ஊரு. 1972, 73ல அங்க பொறந்த ஆயிரம் சொச்சம் குழந்தைங்கள இன்னைக்கு வரைக்கும் விடாம பாத்துட்டு வர்றாங்க. சின்ன வயசுல தன்னைக் கட்டுப்படுத்தறது கம்மியா இருந்தவங்களுக்கு 32 வயசுல போதை, கடன், ஒடம்பு தொல்லை எல்லாமே கூட. அது உங்க பழமொழி. ஆனா அதே ஆய்வுல, வளர வளர அந்தக் கட்டுப்பாடு கூடினவங்களும் இருந்தாங்க, அவங்க நெலம சின்ன வயசு கணக்கு சொன்னதவிட நல்லா இருந்துச்சு. தடுப்பு எத்தன நாளைக்குன்னா, மூளையில நிதானத்துக்கான பகுதி முத்தறதுக்கு இருபது வயசுக்கு மேலயும் சில வருஷம் ஆகும், அதுவரைக்கும்.

சிங்கை_செல்வம்

தடுப்புன்னவுடனே ஞாபகம் வந்துச்சு. இங்க சிங்கப்பூர்ல கேசினோவுக்குள்ள போக குடிமக்களும் பிஆரும் (நிரந்தரமா தங்க அனுமதி வாங்கினவங்க) ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்டணும், வெளிநாட்டுக்காரங்களுக்கு அது இல்ல. அதவிட முக்கியம், என் பேர தடை பண்ணுங்கன்னு நாமளே எழுதிக் குடுக்கலாம், வீட்டு ஆளுங்களும் கேக்கலாம். என் ரூம்மேட் ஒருத்தன் அப்படி குடுத்தான். அப்புறம் அவனுக்கு ஆசை வராம இல்ல, வாசல்ல நிறுத்திருவாங்கன்னு தெரியும், அதனால பஸ்ஸே ஏற மாட்டான். நடராஜன் ப்ரோ, ஊர்ல ஆன்லைன் பண விளையாட்ட 2025ல தடை பண்ணிட்டாங்களே, ஷேருக்கு அப்படி ஏதும் இல்லையா?

நிஃப்டி_நடராஜன்

ரம்மி, போக்கர் எல்லாம்தான் தடை ப்ரோ, ஷேர் செபி கீழ வருது, அது வேற. ஆனா ஒண்ணு பண்ணலாம்னு தோணுச்சு, பண்ணிட்டேன். ப்ரோக்கர் ஆப்ல எஃப் அண்ட் ஓ செக்மெண்ட்டயே டீஆக்டிவேட் பண்ண வசதி இருக்கு. திரும்ப தொறக்கலாம், ஆனா உடனே தொறக்காது, எனக்கு வேண்டியது அந்த இடைவெளிதான். பாளை சார் சொன்ன மாதிரி ஹிஸ்டரிய எடுத்துப் பாத்தேன், பெரிய நட்டம் எல்லாமே ஒரு நட்டத்துக்கு அப்புறம் பத்து நிமிஷத்துக்குள்ள போட்டது. வீட்ல மட்டும் இன்னும் சொல்லல. சூதாட்டத்துக்கும் ஏஏ மாதிரி கூட்டம் உண்டா?

சோபர்_சுந்தரம்

உண்டுங்க தம்பி, கேம்ப்ளர்ஸ் அனானிமஸ்னு, ஆன்லைன்லயும் கூடறாங்க. அது வரைக்கும் எங்க ஏஏ ஓபன் மீட்டிங்ல வந்து சும்மா பின்னாடி உக்காருங்க, யாரும் என்ன ஏதுன்னு கேக்க மாட்டாங்க, டீ குடுப்பாங்க. ஆசை வர்றப்ப ஒரு விஷயம்: அத அடக்கறேன்னு மல்லுக்கட்டாதீங்க. எங்க இருக்குன்னு பாருங்க, எனக்கு தொண்டையிலயும் தாடையிலயும் வரும். ஏறும், ஏறும், அர மணி நேரம் போனா தானா எறங்கும். பசி, கோவம், தனிமை, அசதி, இதுல எது இருக்குன்னு பாத்து மொதல்ல அத கவனிங்க. எனக்கு பாதி நேரம் ரெண்டு இட்லிலயே சரியாயிரும்.

தேனி_கவிதா

தம்பிகிட்ட பேசினேன். புத்திமதியா இல்லாம, உனக்கு எது பிடிக்கும், எந்த நேரத்துல கை தானா போவுதுன்னு கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினான், என்கிட்ட இவ்வளவு நேரம் பேசினதே இல்ல. வாராந்திர காசுக்கு மட்டும் மொறச்சான், அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒருதடவன்னு முடிவாச்சு. 21 வரைக்கும்ங்கறதுக்கு சரின்னான். ஏடிஹெச்டி பாக்க வர்றதுக்கு ஒரு கண்டிஷன் போட்டான், நீயும் அந்த மாத்திரைக்கு அதே நாள் காட்டணும்னு. அவனுக்கு எப்படி தெரிஞ்சுதுன்னு தெரியல, டப்பாவ எங்கயோ பாத்திருக்கான். சரி, காட்டறேன். தனியார்ல போனா கன்சல்டிங்கே ஆயிரம்ங்கறாங்க ரெண்டு பேருக்கு. இங்க தேனி பக்கம் க.விலக்கு ஜிஎச்ல மனநலப் பிரிவு இருக்குல்ல, அங்க போகலாமா?

பாளை_சைக்காலஜி

தாராளமா போகலாம், மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி அது. ஓபி சீட்டு காசு கெடையாது, காலைல சீக்கிரமா போயிருங்க, திங்கக்கிழமை எல்லா ஜிஎச்லயும் கூட்டம் அலமோதும், வேற நாள் பாருங்க. ரெண்டு பேருக்கும் தனித்தனி சீட்டு போடுங்க, உள்ளயும் தனித்தனியா பேசணும்னு கேளுங்க. தம்பியோட பழைய ஸ்கூல் ரிப்போர்ட் கார்ட் இருந்தா எடுத்துட்டுப் போங்க, சின்ன வயசுல இருந்தே இருந்துச்சான்னு கேப்பாங்க. உங்க மாத்திரை அட்டையையும் கொண்டு போங்க, வாரத்துல எத்தன நாள் பாதி, எத்தன நாள் முழுசுன்னு ஒரு துண்டுத் தாள்ல எழுதிக்கோங்க, கொறச்சு சொல்லாதீங்க, அத வச்சுதான் எறக்குற அளவ முடிவு பண்ணுவாங்க. அன்னைக்கு வரைக்கும் எப்படி போட்டீங்களோ அப்படியே போடுங்க.